கக்கத்துச் சூடு

காலியாக வந்த இரண்டு பஸ்களைப் பிலோமினா போகவிட்டாள். மூன்றாவது பஸ் ஒருபக்கம் சாய்ந்தபடி, படிக்கட்டில் ஆள் தொங்க, முக்கி முனகிக்கொண்டு சாயிபாபா காலனி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்ததும்தான் அவள் முகத்தில் சிரிப்பே வந்தது. இதுதான் பஸ். இத்தனை கூட்டம் இருந்தால் உள்ளே கதகதவென்று இருக்கும். "கூட்டமான பஸ்ஸா பாத்து ஏறுங்கக்கா. ஆட்டோ வேண்டாம், காத்தடிக்கும். டாக்ஸிக்காரன் ஏசியப் போட்டுருவான்" என்று ஆஸ்பத்திரியில் விமலா சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். ஊரே கூட்டத்துக்குப் பயந்து அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது இவள் ஒருத்தி கூட்டத்துக்காகக் காத்து நின்றிருக்கிறாள், அதுவும் முகத்தில் மாஸ்க், கையில் கம்பளி உறை, காலில் கம்பளி சாக்ஸ் என்று எவரெஸ்டுக்குக் கிளம்பியவள் போல. ஐப்பசி மூட்டம்தான், ஆனாலும் கோயமுத்தூரில் கையுறை போடுகிற அளவுக்கு யாருக்கும் குளிரவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டும். இடது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பற்றி, ஒரு உந்து உந்தி ஏறிவிட்டாள். முழங்கால் ஒரு வார்த்தை முணுமுணுத்ததோடு சரி, போன வருஷம் போல அலறவில்லை. அதைக் கவனித்தாயா பிலோமி, அலறவில்லை. "அக்கா, கை ஒடஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். "இல்ல தம்பி, ஒடஞ்சிறக் கூடாதுன்னுதான்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவளுக்குத் தன் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னொரு தரம் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உடையக் கூடாததுதான். இடது கக்கத்தில், ரவிக்கைக்குள், சின்னத் துணியில் சுற்றி வைத்த கண்ணாடிக் குழாயில் இருந்தது அவளுடைய ரத்தம். ஹோப் காலேஜ் பக்கத்தில் உள்ள லேப் வரைக்கும் அது உடம்புச் சூடு குறையாமல் போய்ச் சேர வேண்டும்.

அந்த லேபில் ரத்தம் எடுக்க மாட்டார்கள், வருகிற ரத்தத்தைச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். எடுத்தாலும் அவளுடைய நரம்பைக் கண்டுபிடிக்க விமலா சிஸ்டரை விட்டால் ஆள் கிடையாது. குழாயை வெந்நீரில் போட்டுச் சூடுபண்ணி, அதில் ரத்தம் எடுத்து, துடைத்து, "வெந்நி ஊத்துன தூக்குச் சட்டியெல்லாம் வேண்டாம், உங்க கக்கத்தவிட நல்ல எடம் கெடையாது" என்று சிஸ்டரே செருகிவிட்டாள். கூச்சமாக இருந்தது. ஐம்பது வயதைத் தொடப்போகிறவளுக்குக் கூச்சம் என்ன வேண்டிக் கிடக்கிறது, ஆனாலும் இருந்தது. பதினொரு வருஷமாக அவளுக்கு மூட்டுவாதம். சும்மா வயசாகி வருகிற மூட்டுவலி இல்லை, உடம்பே தன் மூட்டை எதிரி என்று நினைத்துக்கொண்டு போட்டு அடிக்கிற வியாதி. விரல்கள் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டன. சரி, போகட்டும், பழகிவிட்டது என்று இருந்தபோது இரண்டாவது வந்தது. குளிர் பட்டால் காது மடல் நீலம் பாயும், மூக்கு நுனி கறுக்கும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். "இதுவும் அதே குடும்பந்தாம்மா. மூட்ட அடிச்ச மாதிரி இப்ப ரத்தத்தையும் அடிக்குது. குளிர் பட்டா மட்டும் முழிச்சுக்கிட்டு ரத்தத்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சு ஒடைச்சிருது. ரெண்டும் சேந்து ஒருத்தருக்கு வர்றது ரொம்ப அபூர்வம்" என்று டாக்டர் நசீமா சொன்னபோது, அபூர்வமாக ஒரு நல்லதும் வரக் கூடாதா தாயே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கோடையில் நாலு வாரம், வாரத்துக்கு ஒரு பாட்டிலாக நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து. இரண்டுக்கும் கேட்குமா? மூட்டுக்குக் கேட்டிருக்கிறது. அது பொய் இல்லை. இன்று காலை, தங்கச்சி வீட்டுக் குளியலறையில், சோப்பு வழுக்கியபோது கை தானாக மூடிப் பிடித்தது. முழுசாக. நாலு விரலும் உள்ளங்கையைத் தொட்டன. சோப்பைக் கீழே போட்டுவிட்டு மறுபடி மூடிப் பார்த்தாள், திறந்தாள், மூடினாள். குழந்தைகள் இப்படித்தான் செய்யும். பதினொரு வருஷத்தில் அவள் முஷ்டி பிடித்ததே இல்லை, யாரையாவது குத்த வேண்டும் போல சந்தோஷம். மூட்டுக்குக் கேட்டது ரத்தத்துக்கும் கேட்டிருக்குமா? கேட்டிருக்கும். ஏன் கேட்காது? ஒரே குடும்பம் என்றுதானே டாக்டர் சொன்னார்? ஆனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் திருந்தினால் தம்பி திருந்திவிடுகிறானா? அதைத்தான் இந்தக் குழாய் சொல்லப்போகிறது. ரத்தத்தை ஒட்ட வைக்கிற எதிர்ப்பொருளின் எண் நூறுக்குக் கீழே வந்தால், வீடிருக்கும் குன்னூர் மலைக்கு ஏறலாம். மேலே நின்றால் மேட்டுப்பாளையத்தில் தங்கச்சி வீட்டோடு கிடக்க வேண்டியதுதான், ஆயுசுக்கும். போன தடவை எண் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. அதற்கும் முந்தின தடவை... அதை நினைக்காதே, இப்போது நினைக்காதே.

நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா? வடகோவை மேம்பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் வழியே தூரத்தில் மலை தெரிந்தது. மலை எங்கே தெரிந்தது, மேகம்தான் தெரிந்தது, ஆனால் அந்த மேகத்துக்குள் எந்த வளைவில் எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும். அதில் அவர்களுடைய பேக்கரிக்குள் அவள் வீட்டுக்காரர் சூசைராஜ் இந்நேரம் மொறுமொறு வர்க்கி ரொட்டிக்கு மாவு மடித்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த விறகு அடுப்பு ஆறிப்போய் அவள் பார்த்ததில்லை. ராத்திரி தணலை மூடி வைத்தால் காலையில் அதையே ஊதிக் கிளப்புவார். கடைக்குப் பின்னால் வீடு. குன்னூரே நடுங்கும்போதும் அவர்கள் வீட்டுச் சுவர் ஒன்று மட்டும் சூடாக இருக்கும், அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அவள் முதல் வியாதியை ஓட்டினாள். இரண்டாவதுக்குச் சுவர் போதவில்லை. அவள் கீழே தங்கச்சி வீட்டுக்கு இறங்கிவிட்டாள். அவர் மேலேயே இருந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இறங்கி வருவார், ஒரு பொட்டலம் வர்க்கியோடு. வந்ததும் அவள் கையைப் பிடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொள்வார், பேச்சுக்கு முன்னால். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இதே பரிசோதனை. அன்றைக்கு விமலா சிஸ்டர் இல்லை, வேறு யாரோ ரத்தம் எடுத்து, "பத்திரமா கொண்டுபோங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்கள். பத்திரமாக என்றால் பேக்கரிக்காரருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். வெண்ணெய் கொண்டுவருகிற ஐஸ்பெட்டியை மலையிலிருந்தே தூக்கி வந்திருந்தார். அதற்குள் ஐஸை நிரப்பி, நடுவில் குழி பண்ணி, வாழையிலை சுற்றி, அந்தக் குழாயைக் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்து மூடினார். "ஒரு சொட்டு கெடாம போயிரும் பிலோமி" என்றார். எண் கீழே வந்தது. நாற்பதோ என்னவோ. எல்லோரும் ஆடினார்கள். அவள் மலையேறினாள், கேக்குக்குத் திராட்சை அலசினாள், மூன்றாம் நாள் காலை உறைபனியில் கோயிலுக்குப் போய்வந்து சிறுநீர் கழித்தபோது கடுங்காப்பி. அப்புறம் மூச்சு வாங்கியது, அப்புறம் நினைவில்லை. மாவுச் சாக்குகளை அடுப்பு மேல் போட்டுச் சூடுபண்ணி அவள்மேல் சுற்றிக்கொண்டு ஜீப்பில் வளைவு வளைவாக இறங்கியிருக்கிறார் மனுஷன். ஐஸில் வைத்தால் அந்த எதிர்ப்பொருள் எல்லாம் ரத்த அணுவோடு ஒட்டிக்கொண்டு எண்ணும்போது அகப்படாமல் ஒளிந்துவிடும், எண் பொய்யாகக் குறைந்து காட்டும் என்று டாக்டர் விளக்கியபோது சூசைராஜ் எழுந்து நின்றார். "வெண்ணெய்க்கு வெக்கிற மாதிரிதான் டாக்டர் வெச்சேன்" என்றார். அவ்வளவுதான். ஊருக்குப் போய் அந்த ஐஸ்பெட்டியை மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டவர் இன்றுவரை தொடவில்லை, தினமும் பால் கடைக்கு நடந்து அன்றன்றைக்கு வேண்டிய வெண்ணெயை வாங்கி வருகிறார். இப்போது கடையையே விற்கிறேன் என்கிறார். டூரிஸ்டுகளுக்குச் சாக்லேட் விற்கிற ஒருத்தன் கேட்கிறானாம், அடுப்பை இடித்துவிட்டுக் கண்ணாடிக் குளிர்பெட்டி வைக்கப்போகிறானாம். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். "நீ இல்லாத எடத்துல நான் யாருக்கு வர்க்கி சுடறது?" என்று போனில் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு உருகியதும் அவள்தான், பயந்து போனதும் அவள்தான். அந்த அடுப்பு இல்லாமல் சூசைராஜ் மேட்டுப்பாளையத்தில் என்ன செய்வார்? தங்கச்சி வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பாரா?

காந்திபுரத்தில் பாதி பேர் இறங்கி முழுசாக ஏறினார்கள். ஒரு பெரியவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "உக்காரும்மா" என்று எழுந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தால் போதும், நிற்கிறவர்களின் பைகளெல்லாம் மடிக்கு வந்துவிடும், அது டவுன் பஸ்ஸின் சட்டம். எழுதாத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை. "அக்கா, இத செத்த வெச்சுக்கறீங்களா? பையனுக்குப் பொறந்தநாளு" என்று பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒருத்தி ஒரு துணிப்பையை நீட்டினாள். பிலோமினா வலது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வைத்த பிறகுதான் தெரிந்தது. சில்லென்று தொடைக்குள் இறங்கியது. ஐஸ்கிரீம் பெட்டி, சுற்றிலும் ஐஸ்கட்டிப் பொட்டலம். யேசுவே, ஊரில் எத்தனை மடி இருக்கிறது, இது என் மடிக்குத்தானா வர வேண்டும்? அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, மாஸ்க்குக்குள் சிரித்தாள், முழங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் கடுக்கத் தொடங்கின, சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது ஐஸ். இடது கையைக் கொஞ்சம் தளர்த்தி, குழாயை உருவி, பைக்குள் செருகினால் லட்சுமி மில் போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும். மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? எண் கீழே வரும். சாக்லேட்காரன் வேறு கடை பார்த்துக்கொள்வான். அடுப்பு நிற்கும், அவர் நிற்பார், கிறிஸ்துமஸுக்குக் கேக் வேகிற வாசனை தெரு முழுக்க நிற்கும். அவள் கவனமாக இருந்துகொள்ள மாட்டாளா? கோயிலுக்குப் போகாமல், தண்ணீரைத் தொடாமல், சூட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு மாசத்தை ஓட்டிவிட மாட்டாளா? போன தடவை தெரியாமல் போனாள், இந்தத் தடவை தெரிந்து போகிறாள், அது வேறுதானே? வேறா? தோள்மூட்டு வலித்தது. இவ்வளவு நேரம் இறுக்கி வைத்திருந்ததில் இடது கை மரத்துப்போய், தானாகவே தளரப் பார்த்தது. தானாகத் தளர்ந்தால் அவள் குற்றம் இல்லை. பஸ் ஒரு குழியில் இறங்கியது. குழாய் அரை அங்குலம் நழுவியது.

நழுவியதும் அவள் இறுக்கிக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. காலையில் சோப்பைப் பிடித்த அதே கை. அப்போதுதான் அந்த முஷ்டி ஞாபகம் வந்தது, வந்ததும் மனசு அங்கேயே சிக்கிக்கொண்டது. இந்தக் குழாயை ஐஸில் வைத்தால் எண் குறையும். சரி. ஆனால் மருந்து நிஜமாகவே கேட்டிருந்தாலும் எண் குறைவாகத்தானே வந்திருக்கும்? அப்படியானால் எது மருந்து, எது ஐஸ்? காலையில் குளியலறையில் தனியாக நின்று அடைந்த அந்த சந்தோஷம் மெய்யா பொய்யா என்று ஆயுசுக்கும் தெரியாமல் போய்விடுமே! அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நல்லவளாக இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை, பாவம் புண்ணியம் என்றும் இல்லை. ஆவல் தாங்கவில்லை, அவ்வளவுதான். பரீட்சை முடிவு வருகிற அன்று காலையில் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே நின்றபோது இருந்த அதே ஆவல். எண் மேலே நின்றால்? நிற்கட்டும், அழுதுகொள்ளலாம், அவரும் வந்து சேர்ந்து அழட்டும், ஆனால் மெய்யான எண்ணுக்கு அழலாம். இன்னொரு தரம் பொய் எண்ணை நம்பி அவர் சாக்குச் சூடுபண்ண வேண்டியதில்லை. ஜீப்பில் அவர் அவளைக் கட்டிக்கொண்டு என்ன செய்தார் என்று டிரைவர் பின்னால் சொன்னான்: ஒவ்வொரு வளைவிலும் அவள் காதுமடலைத் தன் உள்ளங்கையால் பொத்தி, எடுத்து, நிறம் பார்த்து, மறுபடி பொத்தினாராம். அந்த மனுஷனை ஏமாற்றி அவர் வீட்டுக்கே போவதா? சீ. "இந்தாங்க, நீங்க உக்காருங்க" என்று பிலோமினா சட்டென்று எழுந்தாள். ஐஸ்கிரீம்காரி திகைத்துப்போனாள். "ஐயோ, நீங்க முடியாதவங்க, உக்காருங்கக்கா." "முடியுதுங்க, இன்னிக்கு நல்லா முடியுது. ஐஸ்கிரீமு உருகறதுக்குள்ள நீங்க மடில வெச்சு மூடிக்குங்க" என்று பையையும் இடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் நடுவே புகுந்துகொண்டாள். நாலு பக்கமும் ஆட்கள். வேர்வை, மல்லிகைப்பூ, யாரோ வாங்கிப்போகிற போண்டாவின் எண்ணெய் வாசனை. முதுகில் ஒரு காலேஜ் பையனின் புத்தகப்பை இடித்தது, இடிக்கட்டும். எல்லோரும் அவளுடைய ரத்தத்துக்குச் சூடு கொடுத்துக்கொண்டு வருகிறார்கள், ஒருத்தருக்கும் தெரியாது. நவ இந்தியா வந்தது, பீளமேடு வந்தது. தோள்மூட்டு வலியில் கண்ணில் தண்ணீர் கட்டியது, அவள் அசையவில்லை. அசையாத நேரத்தில்தான் கைப்பையின் நினைப்பு வந்து தொற்றிக்கொண்டது. அதில் இன்னொரு குழாய் இருக்கிறது. சாதாரண ரத்த எண்ணிக்கைக்கு, உறையாமல் இருக்க மருந்து போட்டது. "அது எப்பிடிப் போனாலும் பரவால்லக்கா, வேணும்னா அங்க சூடு பண்ணிக்குவாங்க" என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். அது இந்நேரம் ஆறியிருக்கும். ஆறிய ரத்தம் அவளுடையது எப்படி இருக்கும் என்று பலதரம் பார்த்திருக்கிறாள்: சாய்த்தால் கண்ணாடியில் ரவை ரவையாக ஒட்டிக்கொண்டு இறங்கும். எண் எதற்கு, லேப் எதற்கு, பையைத் திறந்து எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் இப்போதே தெரிந்துவிடும். தெரிந்தாக வேண்டும் என்று இத்தனை பேசியவளுக்கு இப்போது பையைத் திறக்கக் கை வரவில்லை. ஹோப் காலேஜ் வரும்வரை அந்தப் பையை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

லேபில் ஏசி. வாசலைத் தாண்டியதும் மூக்கு நுனி கூசியது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் நிரோஷா என்று பேர் தொங்கியது. பிலோமினா திரும்பி நின்று, முந்தானையால் மறைத்துக்கொண்டு குழாயை எடுத்து நீட்டினாள். "சூடா இருக்குதே! எங்கக்கா வெச்சுக் கொண்டு வந்தீங்க?" "பத்திரமான எடத்துல" என்றாள் பிலோமினா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அதை வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு வந்தாள். "இன்னொண்ணு இருக்குமே?" இருந்தது. கைப்பையைத் திறந்து, பார்க்காமலே துழாவி எடுத்துக் கொடுத்தாள். கையுறை வழியாகக்கூடச் சில்லென்று இருந்தது. கொடுத்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். ஐப்பசி மாதம். பௌர்ணமி என்றைக்கு? அமாவாசை என்றைக்கு? பின்னால் சத்தமே இல்லை. ஏன் சத்தமே இல்லை? "அக்கா" என்றாள் நிரோஷா. "இது உங்களுதுதானா? பேரு மாத்தி ஒட்டிட்டாங்களா?" பிலோமினா திரும்பினாள். "ஏன் கண்ணு?" "இல்ல, சில்லுனு ஆறிப்போயிருக்குது. உங்களுக்குப் போட்டிருக்கற வியாதிக்கு இந்நேரம் கட்டிகட்டியா இருக்கோணும். இது பாட்டுக்கு ஓடுது." "குடு" என்றாள் பிலோமினா. வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். வாங்கிக் கோணல் விரல்களுக்குள் வைத்து மூடினாள், விரல்கள் மூடின, சாய்த்தாள். ரத்தம் இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் போனது. கண்ணாடியில் ஒரு மணி ஒட்டவில்லை. மறுபடி சாய்த்தாள். "என்னுதுதான்" என்றாள், அந்த அறைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில். "என்னுதேதான் கண்ணு, விமலா சிஸ்டர் என் கண்ணு முன்னாடி ஒட்டுனா." "நம்பரு சாயங்காலந்தான் வரும். நான் ஒண்ணும் சொல்லலீங்கக்கா" என்று அந்தப் பெண் அவசரமாகச் சொன்னாள். சொல்ல வேண்டாம், யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் சாய்த்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பெண்தான் மெல்ல வாங்கி வைத்தாள்.

வெளியே படியில் நின்று போன் போட்டாள். எடுத்ததும் தட்டுகள் இடிபடுகிற சத்தம், அப்புறம் சூசைராஜின் மூச்சு. "என்ன பிலோமி, வந்துருச்சா?" "சாயங்காலந்தான் வருமாம்" என்றாள். "ஏங்க, மாடில ஐஸ்பெட்டி கெடக்குதில்ல? அத எறக்கிக் கழுவிக் காய வெய்யுங்க. கிறிஸ்துமஸ் கேக்குக்கு அத்தன வெண்ணெய எங்க வெப்பீங்க?" மறுமுனையில் ஒரு தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காய வெக்க இங்க ஏது வெயிலு, ஒரே மூட்டம்" என்றார். "அப்ப அடுப்புக்குப் பக்கத்துல வெய்யுங்க" என்றாள் பிலோமினா.